ஆன்றோவின் வலது முட்டு

ஆன்றோவின் வலது கால்முட்டில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. இருக்கிறது என்று எழுதியவன் நான்.

இதைத்தான் சொல்ல வந்தேன், சொல்லிவிட்டேன். இத்துடன் நீங்கள் எழுந்து போய்விடலாம்... போகமாட்டீர்கள். அடுத்தவன் குற்றத்தைப் பாதியில் விட்டுப் போன மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

எங்கள் சபையில், குருவிடம் பாவத்தைச் சொல்லித் தீர்க்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது. மிஷன் காலத்தில் என் முன்னோர்கள் பள்ளிக்கூடம், கோட்டு, நாலு குரலில் பாட்டு என்று எதையெல்லாமோ வாங்கிக்கொண்டார்கள். அந்த மரக்கூண்டை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். ஆன்றோ கடற்கரைக்காரன், கத்தோலிக்கன். அவனுக்கு அந்த வசதி உண்டு. மாதம் ஒருமுறை முழந்தாளிட்டு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு எழுந்துபோவான். இப்போது நின்றபடியே சொல்கிறானாம்.

குற்றம் செய்த எனக்கோ, நீங்கள்தான் கதி.

நான் நாகர்கோவிலில் பத்திர எழுத்தர். கிழக்கே தென்னந்தோப்பு, மேற்கே ஓடை என்று பிறர் நிலத்துக்கு எல்லை எழுதிப் பிழைப்பவன். நான் வேலி என்று எழுதினால் அங்கே வேலி இருந்தாகவேண்டும். அது மட்டுமா? நேற்றும் இருந்ததாக, தாத்தா காலத்திலும் இருந்ததாக ஆகிவிடும்! ஓய்ந்த நேரங்களில் நிறையப் படிப்பேன். திருவிழா மலர்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். சிரித்தவர்கள் உண்டு என்று கேள்வி.

ராஜாக்கமங்கலத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே ஒரு கடலோர ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர் மைதானத்துக்குப் பத்திரம் எழுதப் போனவன், அவர்கள் கால்பந்துக் கிளப்புக்குச் செக்ரட்டரியாகத் திரும்பி வந்தேன். எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது அவர்களுக்கு. பந்தை நான் தொடுவது அலமாரியில் வைத்துப் பூட்டும்போது மட்டுமே.

எங்கள் லீக் சிறியது. கடலோர ஊர்கள் எட்டுப் பத்து சேர்ந்து நடத்துவது. முன்பெல்லாம் வளைகுடாப் பணம் வந்த ஊர்கள் கேரளத்திலிருந்து வேன் நிறைய ஆட்டக்காரர்களை இறக்கிவிடும். ஊர்க்காரர்கள் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுப்பார்கள். இதைத் தடுக்கத்தான் லீக் கமிட்டி சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தது. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் இந்த எல்லையைத் தாண்டக்கூடாது. பருவத்தின் நடுவில் யாரையும் கழற்றிவிடவும் கூடாது. காயத்தால் ஆட இயலாதவர் என்று கிளப் எழுதிக் கொடுத்தால் மட்டும் அவர் சம்பளம் கணக்கிலிருந்து விலகும், அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரனைக் காப்பாற்ற வந்த விதி. நல்ல விதிதான்... அதை வைத்துத்தான் உள்ளூர்க்காரன் ஒருவனை நான் வெளியேற்றினேன்.

ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றோம். கடைசி இடம். கடைசி இடத்தில் முடிப்பவர் கீழ்ப் பிரிவுக்குப் போகவேண்டும். மலப்புறத்தில் ஒரு முன்னணி ஆட்டக்காரன் கிடைப்பான் என்று தகவல் வந்தது. ஆனால் எங்கள் வரம்பில் மயிரிழைகூட இடமில்லை. புதிய பையன்கள் வாங்குவது சொற்பம். மூன்று பேரை நீக்கினாலும் அவனுக்குக் காணாது. அவனுடைய சம்பளத்துக்குச் சரியாக நின்றது ஒரே ஆள்தான். ஒன்பது வருடமாக எங்கள் வலது பின்காவல், முப்பத்தொரு வயது ஆன்றோ.

கிளப் தலைவர் லூர்து ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். அவருடைய அறையில் நட்டநடுப் பகலிலும் பல் கிட்டும். அங்கே வைத்துத்தான் சொன்னார்.

"ஓய் செக்ரட்டரி, ஒருத்தனுக்குக் காலு வய்யாம ஆவணும். ஆருக்குன்னு நீரே பாத்து எழுதும்."

பார்த்து எழுதும்! என்ன நேர்த்தியான உத்தரவு!

பார்க்கப் போனேன். மூன்று நாள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து ஆன்றோவின் கால்களையே பார்த்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும்: எதுவும் தென்படவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கால்கள் அவனுக்கு முன்னால் போய் நின்று அவனை வரவேற்றன.

வீட்டுக்கு வந்து எழுதினேன்.

'இடப்புறம் திரும்புகையில் வலது முழங்கால் உடலைவிட ஓர் இமைப்பொழுது பிந்தி வருகிறது. வலி இல்லாதபடியால் ஆட்டக்காரர் இதனை உணர்ந்திலர்.'

அந்த இரண்டாவது வாக்கியம் இருக்கிறதே... அதை எழுதிவிட்டு நான் பேனாவை மூடி, நாற்காலியில் சாய்ந்து, என்னையே மெச்சிக்கொண்டேன். வலிக்கவில்லையே என்று அவன் சொன்னால், அதுவும் எனக்குச் சாட்சி! என் பத்திரங்களில்கூட இத்தனை கச்சிதமான எல்லை அமைந்ததில்லை.

டாக்டர் ஒருவர் படித்துப் பார்த்தார். இவ்வளவு விவரமாக எழுதியபின் தான் வேறு பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லி முத்திரை வைத்தார்.

ஆன்றோவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வரம்பு இப்படி, நிலைமை இப்படி, நீ கொஞ்சம் ஒதுங்கிக்கொள் என்று. சொன்னால் அவன் என் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க, அவனைத் தன் காலைப் பார்க்க வைத்தேன்.

பயிற்சி முடிந்த ஒரு மாலையில் தாளின் நகலை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான்.

"வலிக்கலியே சாரே."

"அதுதான் பேடி மக்கா, வலிச்சாப் பயமில்ல," என்றேன்.

அவன் வாதாடவில்லை. குனிந்து தன் முட்டைப் பார்த்தான், வீட்டுக்குள் யாரோ அந்நியன் உட்கார்ந்திருப்பதைக் கண்டவன்போல. பிறகு வீட்டுக்குப் போக இடப்புறம் திரும்பினான்.

மெதுவாகத் திரும்பினான்.

மலப்புறத்துக்காரன் வந்தான், கோல் அடித்தான், நாங்கள் தப்பித்தோம். கடைசி ஆட்டத்தன்று வெடி போட்டார்கள். என் தோளில் மாலை விழுந்தது. கோட்டுக்கு வெளியே நின்று எல்லாரையும்விட உரக்கக் கைதட்டியவன் ஆன்றோ. கைதட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தான். வலது காலை இழுத்து.

நடிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். எவ்வளவு ஆசையாக நினைத்தேன்!

ஒரு மாதத்தில் அவனால் கடலில் வள்ளம் தள்ள முடியாமல் போயிற்று. அவன் மனைவி ஷைனி மீன் சுமந்து நாகர்கோவிலுக்கு வரத் தொடங்கினாள். ஒருநாள் காலை கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு என் ஆபீசுக்குள் வந்தாள்.

"சாரே, நீங்க என்னத்தக் கண்டிய அவருக்க காலுல?"

டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

"டாக்டர் உங்கட்ட கேக்கச் சொன்னாரு." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "மத்தியானம் படுத்துக் கெடக்கும்போ நான் பாத்தேன். உறக்கத்துல ரெண்டு காலையும் ஒண்ணுபோல மடக்குகாரு, நீட்டுகாரு. முழிச்சு எழும்பி நிக்கும்போதான் அது வருது. அது எங்கேந்து சாரே வருது?"

நான் மேசைமேல் கிடந்த பத்திரத்தில் தெற்கு எல்லையைத் தேடுவதாகப் பாவனை செய்தேன். அவள் வெளியே போய்க் கூடையைத் திறந்தாள். போகும்போது, நாலு நெத்திலியை ஓர் இலையில் வைத்துவிட்டுப் போனாள். கணவனின் நோயைக் கண்டுபிடித்த மனிதருக்கு!

ஸ்கேன் எடுக்க நானே கூட்டிப்போனேன். சுத்தமாக இருந்தது. திருவட்டாற்றுக்கு அப்பால் ஒரு வர்ம ஆசானிடமும் என் காரில் கூட்டிப்போனேன். ஆசான் அந்த முட்டைத் தடவி, அமுக்கி, காதை வைத்துக் கேட்டார். முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு காக்கைகூட இல்லை.

"முட்டுல ஒண்ணுமில்ல," என்றார் கடைசியில். "முட்டுக்க மேல ஆருக்கயோ வாக்கு கெடக்கு. வச்சவன்தான் எடுக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். படித்தவன் நான், இதையெல்லாம் நம்புகிறவன் அல்லன்... ஆனாலும் போனேன்.

உச்சி வேளை. எங்கள் கடற்கரை மணல் கறுப்பு. அந்த நேரத்தில் காலைச் சுடும். ஆன்றோ வள்ளத்தின் நிழலில் தனியே உட்கார்ந்திருந்தான். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உச்சவரம்பு, மலப்புறத்துக்காரன், ஐஸ் கம்பெனி, நான் ஜோடித்த வாக்கியம். ஒன்றையும் மறைக்கவில்லை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கட்டும் என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். எவ்வளவு முன்யோசனை!

ஆன்றோ சிரித்தான்.

"நீங்க நல்ல மனுசன் சாரே. எனக்க மனசு நோவப்பிடாதுன்னு இப்பிடிச் சொல்லுகிய."

சத்தியம் செய்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே என் தாள், மடிப்புகளில் நைந்துபோய்.

"பொய் சொல்லுகவனுக்கு இவ்வளவு சரியா எழுத வராது. படிக்கப் படிக்க எனக்கே தெரிஞ்சு, ஓ, இப்பிடித்தானே நாம திரும்புகோம்னு. வேற ஆருக்கும் தெரியாதத நீங்க கண்டிய. இப்பம் மாத்திச் சொன்னா எப்பிடி?"

என் எழுத்துக்குக் கிடைத்த ஆகச் சிறந்த பாராட்டு அது. உங்களுக்கு வரவேண்டாம்.

விட்டுவிடக்கூடாது என்று கைபேசியை எடுத்தேன். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் அதில் இருந்தது. நான் பொய் எழுதுவதற்கு வெகுநாள் முன்பு எடுத்த காட்சி. 'பார், உன் கால் எப்படி வருகிறது பார்,' என்றேன். வள்ளத்தின் நிழலில் இருவரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்தோம். திரையில் ஆன்றோ ஓடினான். பந்தை வாங்கினான். இடப்புறம் திரும்பினான்.

"அந்தா," என்று விரலை வைத்தான்.

பார்த்தேன்.

வலது முழங்கால் ஓர் இமைப்பொழுது பிந்தி வந்தது.

மறுபடி ஓட்டினேன். வந்தது. மறுபடியும்... அதே இடத்தில், அதே அளவு. காதில் கடல் இரைந்துகொண்டே இருந்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது.

என்ன நினைக்கிறீர்கள்? அப்படியானால் நான் எழுதியது மெய்தானே என்கிறீர்களா? அந்த ஆறுதலை நானே எனக்குச் சில நாள் கொடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மைதான ஓரத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த கண் என்னுடையது. அதற்கு எதுவும் தென்படவில்லை என்பது எனக்குத் தெரியும். பின், அந்தக் காட்சிக்குள் அது எப்படிப் போயிற்று? இன்று எழுதிய வேலி நேற்றும் இருந்ததாக ஆவது பத்திரத்தில்தானே? காலிலுமா?

காட்சியைச் சிலரிடம் காட்டினேன். எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்லாதவரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சொன்னபின் தெரியாதவர் ஒருவரும் இல்லை. உங்களுக்கும் காட்டலாம்தான்... ஆனால் உங்களிடம்தான் ஏற்கனவே சொல்லிவிட்டேனே!

இப்போது புதிய பருவம். மலப்புறத்துக்காரன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அவன் விட்ட இடத்தில் வரம்புக்குள் ஆன்றோவைத் தாராளமாகச் சேர்க்கலாம். லூர்துவே சேர்க்கச் சொன்னார். கேட்டபோது ஆன்றோ, செக்ரட்டரி சார் எப்போது சரி என்கிறாரோ அப்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

அதற்காகத்தான் தினமும் ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வருகிறான். மூலைக்கொடியிலிருந்து என் நாற்காலிவரை நடப்பான். எனக்கு முன்னால் வந்து இடப்புறம் திரும்புவான். திரும்பி நின்று கேட்பான்.

"இன்னைக்கு எப்பிடி இருக்கு சாரே?"

"நல்லா இருக்கு மக்கா," என்பேன்.

மரியாதைக்குச் சிரித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு போவான். நான் சொல்லும் நல்லதை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. கெட்டதை ஒருமுறைதான் சொன்னேன்.

நேற்றும் வந்தான். வெயில் சாய்ந்து அவன் நிழல் எனக்கு முன்னே வந்து சேர்ந்தது. திரும்பினான். வழக்கம்போல் வலது முட்டைப் பார்த்தேன்... பிந்தவில்லை! உடலோடு ஒன்றாக, சரியான நேரத்துக்கு வந்தது! நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் முடிந்துவிட்டதென்றே நினைத்தேன்.

அப்புறம்தான் மற்றக் காலைப் பார்த்தேன். அது பிந்தி வர, அதற்காக வலது கால் காத்து நின்றது.

"இன்னைக்கு எப்பிடி இருக்கு சாரே?"

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். நல்லா இருக்கு மக்கா என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லக் குனிந்து, எதையோ தேடுகிறவன்போல, தன் கால்கள் இரண்டையும் பார்த்தான்.

அவனிடம் நான் சொல்லவில்லை. ஷைனியிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப்போவதில்லை, எந்தத் தாளிலும் எழுதப்போவதில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இன்று காலை இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தேன்...

ஆன்றோவின் இடது கால். எழுதிவிட்டேன்.