காற்று கொண்டுபோன ‘இல்ல’

“…அதனால நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடப்பிடாது. போக்குவரத்து எப்பவும் போல இருக்கட்டும். இந்தக் கலியாணத்துக்கு மட்டும் எங்களுக்குச் சம்மதம் இல்ல.”

ஆரல்வாய்மொழியில், ஓர் ஆனி மாத நண்பகலில், என் தங்கையைப் பெண் கேட்டிருந்தவர்களின் முன்னறையில் உட்கார்ந்து எங்கள் அப்பா சொன்னது இது. பக்கத்தில் இருந்ததால் எனக்கு முழுதும் கேட்டது. எதிரே இருந்தவர்களுக்கு என்ன கேட்டது, அதன்பின் அப்பா என்ன செய்தார் என்பதைச் சொல்லுமுன், அவரோடு அதிகம் பழகாத உறவினருக்காகச் சிலவற்றை இந்த நினைவு மலரில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது கொட்டாரத்தை அடுத்த எங்கள் ஊரிலேயே. தகப்பனாரைச் சிறுவயதில் இழந்தவர்; பள்ளிக்கூடத்தை விட்டு நேரே வயலில் இறங்கியவர். குரல் மிகவும் மெல்லியது. “உங்கப்பா பேசினா பக்கத்துல நிக்க காளைக்குத்தான் கேக்கும். அதுவும் காதை ஆட்டாம இருந்தாத்தான்” என்று அம்மா சொல்வார்கள். அந்தக் குரலில் ஒருவரையும் அவர் வைது நாங்கள் கேட்டதில்லை.

மழையையும் வெயிலையும்கூட வைததில்லை. ஐப்பசி பிறந்து கீழ்வானம் கறுத்தால், “மச்சினன் வந்துட்டான். இனி கார்த்திகை முடியாமப் போகமாட்டான். உலையில கொஞ்சம் கூடப் போடு” என்பார். உண்மையான மச்சினனாகிய எங்கள் மாமா ஒருமுறை நனைந்துகொண்டே படியேறியவர் இதைக் கேட்டுவிட்டார். “அத்தான், என்னையச் சொல்லுதியளா, மழையச் சொல்லுதியளா?”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வந்திருக்கியோ. யாரைன்னு பிரிச்சுச் சொல்ல?” என்றார் அப்பா.

விடுதலை கிடைத்த சமயத்தில் ஒரு கார்த்திகையில் குளத்தின் கரை உடைந்து, மாசியில் அறுக்க நட்ட கும்பப்பூ நெற்பயிர் முழுவதும் போயிற்று. ஊரே தலையில் கைவைத்து நின்றது. அப்பா வீடு வீடாகப் போய், மிஞ்சிய நாற்றைக் கேட்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு வீட்டு நாற்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு உயரம். நட்டு முடித்தபோது வயல் ஒட்டுப்போட்ட துணி போல இருந்தது. சேற்றில் நின்று பார்த்து, “நம்ம வயலுக்குத் தீவாளிச் சட்டை எப்பிடி இருக்கு?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம். பிறகு மழையே பொய்த்த ஆண்டும் வந்தது. வெடிப்பில் பாதம் இறங்கும் அளவுக்கு வயல் பிளந்து கிடந்தது. அந்தக் கோடையில் அப்பா கிணற்றுத் தண்ணீரைச் சுமந்து ஊற்றி வெள்ளரி போட்டார். வந்தவர் போனவர் எல்லாருக்கும் வெள்ளரிக்காய்தான். “நெல்லு விளைஞ்சா அறுத்துத் தரணும். இதுன்னா கையில எடுத்துக் குடுத்திரலாம், சோலி எளுப்பம்” என்பார்.

சென்ற ஆண்டு மார்கழியில் படுத்தார். கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, பனி விலகும்போதெல்லாம், “கதிரு வந்துட்டா மக்கா?” என்று கேட்பார். கதிர் வந்து, சாய்ந்து, முற்றியதையும் பார்த்தார். அறுவடைக்கு முன், தூக்கத்திலேயே போய்விட்டார். அந்த நாள்களில் அழைக்காமலே வந்து நாடி பார்த்த வைத்தியருக்கும், இரவும் பகலும் துணையிருந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நாங்கள் கட்டிலருகே இருந்தபோது, எங்கள் முறை வரும் நாளெல்லாம் வாய்க்காலை வெட்டி எங்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பியவர்கள் யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் இந்த மலர் அவர்கள் கைக்கும் வந்திருக்கும். அவர்களுக்கு எங்கள் கும்பிடு.

இனி அந்தக் கலியாணப் பேச்சுக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு வைகாசியில் ஆரல்வாய்மொழிக்காரர்கள் மாட்டுவண்டியில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலில் நின்றே முழங்கினார்: “பிள்ளே! மாட்டைக் கெட்ட எங்க எடம்?” அடுத்த வீட்டுக்காரர் கம்போடு ஓடிவந்து, “என்னவே, யாரு சண்டைக்கு வந்திருக்கது?” என்றார். தங்கை காப்பி கொண்டுவந்து நின்றபோது மறுபடியும் முழக்கம். அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் போனதும், “இந்தச் சத்தத்துக்குள்ள எம்மக எப்பிடிக் கெடப்பா? வேண்டாம்” என்றார்.

தங்கை அடுக்களையிலிருந்து வந்தாள். “அப்பா, நீங்க சத்தத்தக் கேட்டிய. என்ன சொன்னாருன்னு கேட்டியளா? ‘இந்தப் புள்ளைய எதுக்கு நிறுத்தி வச்சிருக்கியோ, மொதல்ல உக்காரச் சொல்லுங்க’ன்னுல்லா சொன்னாரு. இதுவரைக்கும் பாக்க வந்தவங்கள்ல யாரு என்னைய உக்காரச் சொன்னா?”

அவள் மனம் அதிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்தது. ஆனாலும் பயம் விடவில்லை. இரண்டு மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். ‘இல்லை’ என்பதை ஆள் விட்டுச் சொல்வது மரியாதை ஆகாது என்று என்னையும் அழைத்துக்கொண்டு நேரில் புறப்பட்டார்.

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கணவாய் வழியாக வந்த காற்று அப்பாவின் தோளில் கிடந்த நேரியலை முதல் வேலையாகப் பறித்து, ஓர் ஆட்டின் முதுகில் போர்த்தியது. ஆடு அதோடு ஓட, நான் பின்னால் ஓடிப் பிடித்து வந்தேன். சனங்கள் எல்லாரும் பாரம் சுமப்பவர்களைப் போலக் குனிந்து நடந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மக்கா, சண்டையா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேக்கா. இந்தக் காத்துல மெல்லப் பேசினா கேக்காதுல்லா” என்றேன்.

அப்பா அந்தப் பெண்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

விருந்தாளி உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவது வழக்கமில்லை என்று அந்த வீட்டில் கதவைத் திறந்தே போட்டிருந்தார்கள். காற்றும் எங்களோடு வந்து உட்கார்ந்தது. அப்பா தம் மெல்லிய குரலில் சொல்லவேண்டியதைச் சொன்னார். ‘சம்மதம்’ வரைக்கும் சரியாக வந்தார். ‘இல்ல’ என்று வாய் திறந்த அதே நொடியில் சன்னல் கதவு ‘டமார்’ என்று அடித்தது.

மாப்பிள்ளையின் தகப்பனார் துள்ளி எழுந்து, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். “சம்மதமாம்! ஏட்டி, கேட்டியா? சம்மதமாம்!”

வெற்றிலைத் தட்டு வந்துவிட்டது. அதை வாங்கினால் வாக்குக் கொடுத்தது போல. பிறகு பேச்சு மாறக்கூடாது. நான் அப்பாவின் காதருகே குனிந்து, “அப்பா, தட்டைத் தொடுதுக்கு முந்தி திரும்பச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா” என்றேன். அப்பா மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

அதற்குள் அந்த மனிதர் தட்டை ஏந்திக்கொண்டே அடுக்களைப் பக்கம் திரும்பி, கூரை அதிர ஒரு சத்தம் போட்டார்: “ஏட்டி! நெல்லு கெடக்க அந்த உள்முறிய இன்னைக்கே ஒழிச்சுப் போடு! வீட்டுல காத்து ஏறாத அறை அது ஒண்ணுதான்! வாற புள்ளைக்கு அது! நாம இங்ஙன காத்துல கெடப்போம், நமக்குப் பழக்கந்தான!”

உள்ளேயிருந்து அதே சத்தத்தில் பதில் வந்தது: “அத நேத்தே ஒழிச்சாச்சு! கத்தாதீரும்!”

அப்பா திறந்த வாயை மூடினார். கழுத்தைச் சாய்த்து, அந்தச் சத்தம் அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், “சம்மந்தி! ஆவணியில வச்சுக்கிடுவோம்!” என்று முழங்கிவிட்டு, வெற்றிலை பறக்கத் தொடங்கியிருந்த தட்டை இரண்டு கைகளாலும் வாங்கி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.