ஜானவாசக் காரின் இறக்கை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள் வீட்டில். அன்றைக்கு அது மூக்கையும் தாண்டியிருந்தது. மறுநாள் காலை எனக்குக் கல்யாணம். மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் மண்டபம். தரைத்தளத்து அறையில், ஜன்னலோரம், இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தேன். கோனில் பிழிந்து கோலம் போடுவது அப்போதுதான் நம்மூருக்கு வந்திருந்தது. போட்டுவிட்டவள் என் சித்தி பெண். "காயற வரைக்கும் எதையாவது தொட்டே, கொன்னுடுவேன்" என்று மிரட்டி வைத்திருந்தாள்.

கோபம் மருதாணி மேல் இல்லை, மாப்பிள்ளை மேல். பெண் பார்க்க வந்த அன்று, "அவகிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றார் மனுஷர். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லேபில் வேலை பார்க்கிறேன், லேத் ஓட்டுகிறேன், ஸ்பேனரும் கையுமாகத் திரிகிறேன். இதில் ஒன்றைப் பற்றிக்கூட கேட்கத் தோன்றவில்லையா? கத்திரிக்காய் வாங்குகிறவன்கூட சொத்தையா என்று ஒரு வார்த்தை கேட்பான்! ஆயுசு பூரா ஒன்றும் கேட்காத ஆளோடு எப்படிக் குப்பை கொட்டுவது? "இப்பக்கூட வேண்டாம்னு சொல்லிடலாமாடி?" என்று சித்தி பெண்ணிடம் கேட்டேன். "மண்டபத்துல உக்காந்துண்டு பேசற பேச்சா இது?" என்று வெளிறிப் போனாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, திறந்த காரில், நாயனம் முன்னால் போக, கோவிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக வருவார். அதற்காக அவருடைய முதலாளி தன் சிவப்பு வெளிநாட்டுக் காரையே கொடுத்தனுப்பியிருந்தார். கூரையை மடக்கிவிடலாம். பின்பக்கம் ஒரு இறக்கை வேறு. ஸ்பாய்லர் என்று பெயர். வேகமாகப் போனால் தானே எழுந்து காரைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். பட்டனை அமுக்கினாலும் ஏறி இறங்கும். மாட வீதியில் நாயனத்துக்குப் பின்னால் ஊர்கிற காருக்கு அது எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

கோவிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், கார் என் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்தில் நின்றது. கோட்டு சூட்டோடு வந்து இறங்கிய மாப்பிள்ளையைக் குழந்தைகள் பிய்த்துப் பிடுங்க, அவர் பட்டனை அமுக்கி இறக்கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, காபி குடிக்க உள்ளே போனார். அந்த நேரம் பார்த்துப் பூக்காரர் வந்தார். இறக்கை எப்போதும் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்து, அதைத் தாங்குகிற கால்களில் மல்லிகைச் சரத்தை நன்றாகச் சுற்றிக் கட்டினார். மாப்பிள்ளை திரும்பி வந்து, பின்னால் எட்டிக்கூடப் பார்க்காமல் பட்டனை அமுக்கினார். கர்ர்ர் என்று ஒரு சத்தம். இறக்கை ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு, கோணலாக நின்றுவிட்டது.

"ஐயையோ, அதுல ஏன்யா கட்டினே?" என்று அலறினார் மாப்பிள்ளை.

"நான் இன்னாத்த கண்டேன் சார்? தூக்கிக்கினு நின்னுச்சு. அம்சமா கீதேன்னு கட்டிட்டேன்" என்றார் பூக்காரர் பாவமாக.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஊர்வலத்துக்கு முதலாளி வேறு வருகிறார். பதற்றத்தில் மறுபடி பட்டனுக்குக் கையைக் கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அமுக்காதீங்கோ!"

சந்தே திரும்பிப் பார்த்தது. கல்யாணப் பெண் கத்தினால் பார்க்காமல் என்ன செய்யும்? சரி, உள்ளே போ என்று சொல்லப் போகிறார், அதோடு நானும் முடிவு பண்ணிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"ஏன்?" என்றார்.

"மோட்டார் கருகிடும்."

"அப்ப என்ன பண்ணணும்?"

கேள்வி கேட்கிறாரே மனுஷர்! "உள்ள பல்சக்கரம் உடைஞ்சிருக்கும்" என்றேன், ரொம்பத் தெரிந்தவள் மாதிரி. அவர் குனிந்து பார்த்தார். "உடைஞ்சிருந்தா ரெண்டு பக்கமும்னா நின்னிருக்கணும்? ஒரு பக்கம் மட்டும் எப்படி இறங்கித்து?"

அட, நல்ல கேள்வி! அப்படியானால் மோட்டார் சரி. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கூட்டர் மீட்டருக்குப் போகிற மாதிரி சுழல்கிற கேபிள் ஒன்று போகவேண்டும். அதில் ஒன்றில்தான் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது. சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி என் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டார். எங்கே பார்க்கணும், எந்தப் பக்கம் திருப்பணும், இழுத்தால் அறுமா என்று ஓயாமல் கேட்டார். பூச்சரம் கட்டிய வாழைநார் கேபிளைச் சுற்றி இறுகிக் கிடந்தது. விரல் போகவில்லை.

"ஊசி மாதிரி ஏதாவது இருக்கா?"

அத்தை கித்தை யாரும் வந்துவிடாமல் சித்தி பெண் அறை வாசலில் காவல் நின்றாள். என் கைகளோ மருதாணி. வேறு வழி? தலையைக் கம்பியோரம் சாய்த்தேன். அவர் கையை உள்ளே நீட்டி, வலிக்காமல், என் பின்னலிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவிக்கொண்டார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அவர் காதும் சிவந்துதான் இருந்தது, நான் பார்த்தேன்.

ஹேர்பின்னால் நெம்பி நெம்பி, நசுங்கின மல்லிகையோடு நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். கிரீஸும் மல்லிகையும் கலந்து ஒரு வாசனை வந்தது. கடைசித் துண்டும் வந்ததும் பட்டனைத் தேடி எழுந்தார். நான் விடவில்லை.

"அன்னிக்கு மட்டும் ஒண்ணும் கேக்க வேண்டாம்னு சொன்னேளே?"

"அத்தனை பேர் உன்னையே பாத்துண்டிருந்தா. எதைக் கேட்டாலும் பரீட்சை வெக்கற மாதிரி இருக்கும்னு தோணித்து." கிரீஸ் கையோடு ஜன்னலருகே வந்தார். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு நினைச்சேன். உனக்குச் சம்மதமா? யாராவது கேட்டாளா உன்னை?"

யாரும் கேட்கவில்லை. என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிற அப்பாகூடக் கேட்கவில்லை. கோபம் எந்த வழியாகப் போயிற்று என்றே தெரியவில்லை.

"முதல்ல பட்டனை அமுக்குங்கோ" என்றேன்.

அமுக்கினார். முனகல்கூட இல்லாமல் இறக்கை நேராக எழுந்தது. குழந்தைகள் ஓவென்று கத்தின. "சம்மதம்! சம்மதம்!" என்று நானும் கத்திக்கொண்டே, கை தட்டிவிட்டேன்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டுகிற படத்தில், என் இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி ஒரே அப்பலாக அப்பிக் கிடக்கிறது.