தவக்காலத்தில் கோழி கேட்ட மகள்

தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி அது. மணமேல்குடி கடற்கரைக்குப் போன என் மகள் ஸ்டெல்லாவிடமிருந்து மதியம் வரவேண்டிய போன் வரவில்லை. நான் அழைத்தால் சுவிட்ச் ஆஃப்.

பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டைகளைக் கடத்துபவர்களைப் பற்றிச் செய்தி எடுக்கப் போயிருந்தாள். எந்தப் பத்திரிகையிலும் அவள் நிரந்தர நிருபர் இல்லை. காணாமல் போனால் தேட ஓர் அலுவலகம் கிடையாது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த வாரம்தான் இவளைப் போன்ற நிருபர்களுக்குத் திருச்சியில் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஆபத்தில் மாட்டினால் சொல்ல, பக்கத்தில் நிற்பவனுக்குச் சாதாரணமாகவும் வீட்டாருக்கு மட்டும் விபரீதமாகவும் படும் ஒரு பேச்சை முடிவுசெய்து வைக்கச் சொன்னார்களாம். எங்கள் வீட்டில் தவக்காலம் முழுவதும் கறி கிடையாது.

“அப்ப நான் கோழி கேக்குறேன்,” என்றாள்.

“தவக்காலத்துல கோழி கேட்டா வெளக்கமாறுதான்டி கெடைக்கும்,” என்றாள் என் மனைவி. சிரித்தோம்.

அந்த வெள்ளி மாலை சிலுவைப்பாதை வழிபாட்டுக்குக் கோயிலில் நின்றபோது எனக்கு ஒரே ஜெபம்தான் வந்தது. ‘ஆண்டவரே, அவள் குரலையாவது கேட்க வையும்.’

போன் அதிர்ந்தது. தெரியாத எண். வெளியே ஓடினேன்.

“அப்பா, நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல. தேடாதீங்க. ஃப்ரெண்டு வீட்ல இருக்கேன், நாளைக்கு வாரேன்.” எனக்கு மூச்சு வந்தது. அடுத்து சொன்னாள்: “அம்மாட்ட கோழி அடிச்சு வைக்கச் சொல்லுங்க.”

பின்னால் ஓர் ஆண் குரல்: “போதும், வையி.”

“சரிம்மா, சொல்றேன்,” என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது என்று அவள் பழக்கியிருந்தாள்.

பயிற்சி கொடுத்தவர்களை அழைத்தேன். எங்கே போகிறாள் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர்களுடைய வக்கீல் போலீஸாரை விடாமல் நெருக்கி உடனே தேட வைத்தார். நள்ளிரவுக்குள் ஒரு மீன் கிடங்கிலிருந்து அவளை மீட்டார்கள். கிடங்கையொட்டி டீசல் நிரப்பிய படகு ஒன்று நின்றது. அது எதற்காக என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

வழக்கு நடக்கிறது. நம்பர் பிளேட் இல்லாத பைக் ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றுவிட்டுப் போகிறது.

இந்த வேலையை அவள் விடவேண்டும் என்றுதான் முன்பெல்லாம் ஜெபித்தேன். ஆண்டவர் அதைத் தரவில்லை. அவள் குரலை வேண்டினேன், தந்தார். அந்தக் குரல் சொல்லவேண்டியதை முன்பே எங்களுக்குக் கற்பித்தும் வைத்திருந்தார். இப்போது அவள் கிளம்பும்முன் மூவரும் முழங்காலிடுகிறோம். எழுந்ததும், எங்கே போகிறாள், எப்போது பேசுவாள் என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளையும் ஆபத்தான இடத்தில் வேலை செய்தால், ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். செவிகொடுக்கிறார்.

இன்று காலை ஸ்டெல்லா மறுபடியும் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். மதியம் பேசுவாள். அதுவரை எங்களோடு ஜெபியுங்கள்.