மல்டிப்ளையர்னா பெருக்கி

ரப்பர் பால் புளிச்ச மணம்... கீரிப்பாறையிலேந்து காலையில வர்ற பஸ்ஸுல அதுதான் நெறஞ்சிருக்கும். எனக்க சுடிதார்லயும் தான். அப்பா எஸ்டேட்டுல பால் வெட்டுறவரு.

பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜுல எகனாமிக்ஸ், எல்லாமே இங்கிலீஷ்.

முதல் மாசம் சார் என்னைப் பாத்து கேட்டாரு, "வாட் இஸ் எ மல்டிப்ளையர்?"

ஆறை நாலால பெருக்குனா நாலுதான் மல்டிப்ளையர்... அது தெரியும். ஆனா இங்கிலீஷ் வாயில வரல. எந்திரிச்சு, "பெருக்கி, சார்"ன்னேன்.

கிளாஸே சிரிச்சுது. சார் வெளிய போனதும் ஒருத்தி மூலையில கெடந்த வாரியல எடுத்து நீட்டுனா. "ஏட்டி, பெருக்கிட்டு போ."

அதுக்கப்புறம் எனக்க பேரே பெருக்கிதான். மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால தனியா இருந்து சாப்புடுவேன். படிப்ப நிறுத்திருதேன்னு அப்பாட்ட எப்படிச் சொல்லன்னு யோசிச்சிட்டே இருந்தேன்.

ஒரு நாள் எங்க கிளாஸ் ஜெசிந்தா டிபன் பாக்ஸோட வந்து நின்னா. கடக்கரை ஊர்க்காரி.

"மக்கா, நான் பக்கத்துல இருந்தா மீன் மணக்கும். பரவால்லியா?"

அவளும் தனியாத்தான் சாப்புடுதான்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

"எனக்க மேல ரப்பர் பால் மணக்கும்"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

சோத்தைப் பெசஞ்சிட்டே பறஞ்சா: "எங்கூர்ல ஒரு வள்ளத்துக்கு நல்ல மீன் பட்டுச்சுன்னு வையி. அந்தக் காசுல அவனுக்க பொண்டாட்டி துணி எடுப்பா. துணிக்கடக்காரன் வீட்டுக்கு செவரு பூசுவான். பூசுன கொத்தனாரு எங்கம்மைட்ட மீன் வாங்குவாரு. ஒரே காசு... எத்தன வீட்டுல அடுப்பு எரியுது பாத்தியா? அதாம்ட்டி மல்டிப்ளையர்."

பரீட்சையில அந்த வள்ளத்தையே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதுனேன். சார் கிளாஸ்ல சத்தமா வாசிச்சாரு. யாரும் சிரிக்கல.

நான் படிப்ப விடல. ஜெசிந்தாதான் விட்டா. ரெண்டாம் வருசம் கிறிஸ்மஸ் லீவுக்குப் போனவ திரும்பி வரல. கல்யாணம் ஆயிட்டுன்னு சொன்னாங்க. அப்ப எங்க ரெண்டு பேருட்டயும் போன் கெடையாது...

இப்ப சென்னையில வேல. ஆபீஸ் கேன்டீன்ல எல்லாரும் காதுல ஹெட்செட் மாட்டிட்டு சாப்புடுதாங்க. நானுந்தான்.

போன வாரம் காலேஜ் வாட்ஸாப் குரூப்புல என்னைச் சேத்தாங்க. ஹாய், ஹார்ட்டு எல்லாம் வந்துச்சு. "ஜெசிந்தா எங்க இருக்கா, யாருக்காவது தெரியுமா?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சு ஒருத்தி போட்டா:

"எந்த ஜெசிந்தா? நம்ம கிளாஸா?"

அன்னைக்கு எனக்குன்னு ஒருத்தி இருந்தா. இன்னைக்கு இந்தப் பதிவ வாசிக்க நூத்துக்கணக்குல பிரண்ட்ஸ் இருக்கீங்க... அவ முகம் ஞாபகம் இருக்கது எனக்கு மட்டுந்தான்.