பாலம் வரை பத்து நிமிடம்

கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பத்து நிமிஷம்'. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை. வாடிக்கையாளர் கேட்ட பாகங்களைப் பின்னறையில் கோத்து முழுக் கம்ப்யூட்டராக்குவது அவள் வேலை. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, விசிறியைப் பூட்டி, ஒயர்களை முதுகுப் பக்கம் ஒளித்துக் கட்டி, கடைசியில் ஒரு கேமைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று நோட்டில் குறித்ததும் அணைத்து அட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

ஒன்பது வருடமாக அதே கேம். படகிலிருந்து ஒருத்தி இறங்குவாள். கோதுமை வயல். எங்கிருந்தோ ஒரு பழுப்பு நாய் வந்து கூடவே ஓடும். வயல் முடியும் இடத்தில் ஒரு கல் பாலம். அங்கே போய் நிற்பதற்கும் பத்து நிமிடம் ஆவதற்கும் சரியாக இருக்கும். பதினோராவது நிமிடம் முதலாளியின் கண்ணாடி அறையிலிருந்து இருமல் வரும். அணைத்துவிடுவாள். அடுத்த கம்ப்யூட்டரில் மறுபடி படகு. ஆயிரக்கணக்கான தடவை கரையிறங்கியவளுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. நாய் கூட வருமா என்பதும் தெரியாது.

முன்பக்க விற்பனையாளர் ஒருநாள் வலிய வந்து ஆரம்பித்தார். "நான் ஆடி முடிச்சிருக்கேன். பாலம் தாண்டினதும் என்னன்னா..."

"சொல்லாதீங்கண்ணே. நீங்க சாப்பிட்ட கதையக் கேட்டா எனக்கு வயிறு நிறையுமா?"

சொந்தமாக ஒன்று கோத்துக்கொள்வது என்று முடிவெடுத்த பிறகு அவள் கைப்பையில் பாகங்களும் விலையும் எழுதிய ஒரு தாள் குடியேறியது. பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி, தாள் துணிபோல ஆகிவிட்டது. வண்ண விளக்கு எரியும் விசிறி முதல் நாளே பட்டியலிலிருந்து போனது. கேபினெட், பக்கவாட்டில் கீறல் விழுந்ததென்று யாரோ திருப்பிக் கொடுத்தது. பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கவில்லை. அதில் மிச்சம் பிடித்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் எரித்துக்கொண்டு வந்து நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். மிஞ்சியது, திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு. தாளில் இருந்த தொகையில் பாதியை அது ஒன்றே விழுங்கியது.

கடை அலமாரியில் ஒரு கார்டு இருந்தது. பழுது பார்த்துத் திரும்பி வந்தது. அதன் விசிறித் தூசியைத் துடைத்தவளே அவள்தான்.

"சார், அந்தக் கார்டை ஸ்டாஃப் விலைக்கு நான் எடுத்துக்கலாமா?"

"ஸ்டாஃப் விலை டெக்னீஷியனுக்கும்மா. ரெஜிஸ்டர்ல நீ பேக்கிங்."

"அப்ப இத்தனை வருஷமா கோத்தது யார் சார்?"

"கோத்தது நீதான், இல்லைன்னா சொன்னேன்? கையெழுத்துப் போடறவன்தானே டெக்னீஷியன்." பிறகு கேட்டார்: "யாருக்கும்மா, தம்பிக்கா?"

"எனக்கு."

முதலாளி சிரித்தார்.

கோக்கும் கை ஒருத்தியுடையது; உத்தரவாதச் சீட்டில் கையெழுத்து, டெக்னீஷியன் என்ற பெயரில் முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் இளைஞனுடையது. இது விதியும் இல்லை, இயற்கையும் இல்லை. யாரோ ஒருவர் பேனா பிடித்து எழுதியது. எழுதியதை அடிக்க அதே பேனா போதும், மனம்தான் வராது. பெண்ணுக்கு எதற்கு விளையாட்டு என்று சிரிக்கிறவர்கள் ஆணிடம் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்பதில்லை. அடுத்த வாரம் கார்டை அந்த இளைஞனே வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அவள் தாளை எடுத்து, கார்டு என்றிருந்த கடைசி வரியை அடித்தாள். படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் பிராசஸர் ஒன்றுக்கு மாறினாள். சுமாராகத்தான் காட்டும். கார்டு வரும் நாளுக்காக மதர்போர்டில் அதற்கான இடம் காலியாகக் கிடக்கும்.

"இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா நல்லதாவே வாங்கலாமேடி," என்றாள் அக்கா. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

"ஒன்பது வருஷமா அதைத்தானேக்கா பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்காவின் பழைய டிவியில் தான் கோத்த கம்ப்யூட்டரின் ஒயரைச் செருகிப் படகை வரவழைத்தாள். இருப்பதிலேயே குறைந்த தரத்தில் வைத்தால்தான் கேம் ஓடியது. கோதுமை, சுவரில் தேய்த்த சாயம்போல இருந்தது. நாய் வந்தது. பாலத்தடியில் நின்றபோது அவள் கை தானாக நோட்டைத் தேடியது.

"என்னடி எழுதப் போற?"

"சூடு."

"யாருக்கு?"

பேனாவை வைத்துவிட்டுப் பாலத்தில் ஏறினாள். அந்தப் பக்கம் ஒரு பாதை மேலே போனது. பாதிவரை வரைந்த மலை. அதற்குமேல் ஒரே சாம்பல் நிறம்; அவ்வளவு தூரம்தான் அந்தக் கம்ப்யூட்டரால் வரைய முடிந்தது. பத்தடி போனதும்தான் கவனித்தாள், பின்னால் நகக் கீறல் சத்தம் இல்லை. திரும்பினாள். பாலத்தின் வயல்பக்கக் கோடியில் நாய் உட்கார்ந்திருந்தது. பாதையில் ஓரடி மேலே வைத்தாள், நாய் சாம்பலில் மறைந்தது. ஓரடி கீழே வந்தாள்; தெரிந்தது.

"அந்தக் கார்டு இருந்திருந்தா மேல ஏறினாலும் நாய் தெரியும்," என்றாள்.

"மேல போடி. இதுக்குத்தானே இத்தனை வருஷம் தவிச்ச?"

"ஒரு நிமிஷம்க்கா. அது இன்னும் உக்காந்திருக்கான்னு பாத்துட்டுப் போறேன்."