நிற்காத கப்பலும் என் மகளின் காதும்

மோதிய பிறகும் அந்தக் கப்பல் ஏன் நிற்கவில்லை?

என் மகள் ஐந்து வயதில் கேட்டது இது. புத்தகத்தில் பதில் இருக்கிறது. அதை அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னவளும் நான்தான். ஆனாலும் அது பதில்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புத்தகத்தை என் தம்பி கொண்டுவந்தான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். அவன் வீட்டுக்குச் சற்றுத் தள்ளியுள்ள துறைமுகத்தில், ஒரு ராணியின் பெயர் வைத்த பழைய பயணக் கப்பலைக் கரையோடு கட்டிப்போட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள். இங்கிருந்து யார் போனாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவானாம். மகளின் காதுகுத்துக்கு லீவு போட்டு வந்தபோது, அங்கே விற்கும் படப் புத்தகத்தை அவளுக்கென்று வாங்கி வந்திருந்தான்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வரட்டும், வரட்டும் என்று தள்ளிப்போனதில் அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. கைக்குழந்தை என்றால் அழுது ஓய்ந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை யோசிக்கும். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டுமோ என்னவோ.

சூலூரில் எங்கள் வீட்டில்தான் தம்பி தங்கியிருந்தான். மத்தியானம் கரண்ட் போய்ப் பக்கத்துத் தறிக்குடோன் சத்தம் அடங்கினால், மாமனும் மருமகளும் புத்தகத்தை விரித்துக்கொள்வார்கள். அவன் படத்தைக் காட்டுவான், நான் படித்துச் சொல்வேன். மாமியார் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஓடாத கப்பலுக்கா டிக்கெட் வாங்கறாங்க?"

"ஆமாங்க அத்தை" என்றான் தம்பி. "உள்ளயே ஓட்டலும் இருக்குதுங்க. ராத்திரி தங்கிக்கலாம்."

"தங்கிப்போட்டு?"

"காலைல எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரலாங்க."

"அதுக்கு ஊட்டுலயே படுத்துக்கலாமே சாமி."

கப்பலின் கதை எனக்கே பிடித்துப்போனது. பெருங்கடலைச் சில நாட்களில் தாண்டிவிடுமாம். உள்ளே நீச்சல் குளம். பணக்காரர்களுக்கு ஒரு சாப்பாட்டு அறை, மற்றவர்களுக்கு வேறு. பிறகு போர் வந்தது. மெத்தை நாற்காலிகளைக் கழற்றிவிட்டு அடுக்கடுக்காகக் கட்டில் போட்டார்கள். வெளியே சாம்பல் நிறம் பூசி, சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் ஏற்றினார்கள். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் குறி பார்க்க முடியாதபடி வளைந்து வளைந்து வேகமாகப் போகுமாம்.

அப்படிப் போகும்போதுதான், தனக்குக் காவலாக வந்த சிறிய கப்பலின் மீதே மோதி அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் தண்ணீரில். பெரிய கப்பல் நிற்கவில்லை. எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நின்றால் உள்ளே இருக்கும் அத்தனை ஆயிரம் பேருக்கும் ஆபத்து.

அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் படம் இருந்ததே. ஏன் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்று கேட்டுக்கொண்டு அவள் படத்தை விட்டு நகரவில்லை.

"நிப்பாட்டச் சொல்லிக் கத்திருப்பாங்கல்ல மாமா?"

"கத்திருப்பாங்க கண்ணு. பின்னால வந்த கப்பலுக்கெல்லாம் தகவல் சொல்லீட்டாங்க. அதுக வந்து தூக்குச்சு."

"அதுக வர்ற வரைக்கும்?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் பக்கத்தைத் திருப்பினேன். போர் முடிந்து சிப்பாய்களின் மனைவிகளும் குழந்தைகளும் அதே கப்பலில் வந்தது, விமானங்கள் பெருகி ஆள் குறைந்தது, ஒரு நகரம் அதை விலைக்கு வாங்கியது, கொதிகலன்களைக் கழற்றியது, புகைபோக்கிகளை இறக்கும்போது பெயிண்ட் பூச்சுதான் அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது எல்லாம் படித்தேன். எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

காதுகுத்து சத்தியமங்கலம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் நடந்தது. வேன் பேசி எல்லோரும் போயிருந்தோம். தம்பி மாலையோடு மனையில் உட்கார்ந்ததும் மாமியார் சொன்னார், "இறுக்கிப் புடிச்சுக்குங்க சாமி. அழுதாலும் நிப்பாட்டிப்போடாதீங்க."

மகள் அதைக் கேட்டுவிட்டாள். மடியில் உட்காராமல் நின்றாள்.

"நான் நிப்பாட்டுன்னா நிப்பாட்டுவீங்களா மாமா?"

"நிப்பாட்டுவேன் கண்ணு."

குழந்தைக்குச் சொல்லும் சமாதானம் என்றுதான் நான் நினைத்தேன். அவள் உட்கார்ந்தாள். ஆசாரி வலது காதில் குத்தினார். உடம்பு தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வீறிடவில்லை. "நிப்பாட்டுங்க மாமா" என்றாள், தெளிவாக.

தம்பி இடது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். "போதுங்க."

"இன்னொரு காது இருக்குதுங்களே" என்றார் ஆசாரி. "மறுபடியும் வலிக்கும். சூட்டோட சூடா முடிச்சுட்டா ஒரே அழுகையோட போயிரும்."

"ஒத்தக் காதோட எந்தப் புள்ளையாச்சும் ஊடு திரும்புமா?" மாமியார் என் பக்கம் திரும்பினார். "அம்மணி, உன்ற தம்பிகிட்ட நீ சொல்லு."

நல்ல நேரம் முடியப்போகிறது. இலை போட்டாகிவிட்டது. தம்பி அந்த வாரமே விமானம் ஏற வேண்டும். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். மகளும் பார்க்கிறாள். மாமியார் சொல்வது தவறில்லை. ஆசாரி சொல்வதும் சரி. தம்பி கையை எடுத்துவிடவும் இல்லை. "இன்னைக்கு வேண்டாங்க அத்தை" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் இப்போதும் தடுமாறுவேன். மகளுக்காகவா, தம்பி கொடுத்த வாக்குக்காகவா, அந்த நேரத்தில் வேறெதுவும் வாயில் வராததாலா?

வேனில் மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். என் கணவர் மட்டும், "ஒரு தோடு மிச்சம்ங்க அம்மா, பேத்திக்கு ஒரு புள்ளை பொறந்தா அதுக்குப் போட்டுக்கலாம்" என்றார். அதற்கும் மாமியார் திரும்பவில்லை.

இப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் 'ஒத்தத்தோடு' என்று கூப்பிடுகிறார்களாம். அழுதுகொண்டு வந்து, இன்னொரு காதையும் குத்த வேண்டும் என்கிறாள். பக்கத்து ஆசாரியிடம் போகலாம் என்றால் மாமா மடியில்தான் என்கிறாள். உடனே, "நிப்பாட்டுன்னா இந்தத் தடவையும் மாமா நிப்பாட்டுவாங்கல்ல?" என்றும் கேட்கிறாள். நிச்சயம் சொல்வாள், எனக்குத் தெரியும். ஊசியைப் பார்த்தாலே சொல்லிவிடுவாள்.

பள்ளிக்கூட லீவுக்குத் தம்பி வருகிறான். போனில் கேட்டான், "அக்கா, நான் நிப்பாட்டட்டுமா, புடிச்சுக்கட்டுமா? நீ சொல்றபடி செய்யறேன்." நிறுத்தினால் காது அப்படியே நிற்கும், கேலியும் நிற்காது. பிடித்துக்கொண்டால் காதுகுத்து முடியும், ஆனால் அவள் அந்த மடியில் மறுபடி உட்காருவாளா?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இரண்டில் எதைச் சொல்லட்டும், அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று எனக்கு எழுதுங்கள். இரண்டுமில்லாமல் மூன்றாவது வழி ஒன்று இருந்தால் அதையும் எழுதுங்கள். எனக்குத் தோன்றவில்லை.