சத்தம் போடாத எஞ்சின்

எனக்குக் கார் வாங்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. சாணக்கியபுரியில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தூதர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன அமெரிக்கக் கார் ஒன்று அங்கே போர்டிகோவில் இரண்டு மழைக்காலம் நின்றது. கறுப்பு நிறம், மடக்கிவிடக்கூடிய கூரை, பின்பக்கம் மீன் துடுப்பைப் போல இரண்டு இறக்கைகள். பெட்ரோல் விலை எகிறிப்போன எழுபதுகளின் நடுவில் அதை ஏலம் விட்டார்கள். வந்து பார்த்த ஏழு பேரும் அது குடிக்கும் பெட்ரோலின் அளவைக் கேட்டதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் நின்றவன் நான்.

"இதை எங்கே நிறுத்தப்போறேள்? நம்ம குவார்ட்டர்ஸைவிட நீளமா இருக்கே" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது சரி. அளந்து பார்த்தேன். எங்கள் கூடத்தைவிடக் கார் நான்கு அடி அதிகம்.

வாங்கிய பிறகுதான் அந்தக் காரைச் செய்த கம்பெனியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். மூன்று கார்களைப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மறுபடியும் மூன்று கார்களாகப் பூட்டி ஓட்டிக்காட்டிப் பரிசு வாங்கியவர்கள் அவர்கள். முன்னால் நின்று கம்பியைச் சுழற்றிக் கிளப்பும் தொல்லையை ஒழித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளப்பும் வசதியைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். எல்லாவற்றையும்விட அவர்களுடைய பெரிய பெருமை, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஓடினாலும் உள்ளே இருப்பவருக்குச் சத்தம் கேட்காது என்பது. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தக் காரில் எனக்குச் சொந்தமாகக் கிடைத்தது கவலை மட்டும்தான். ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் என் மனைவிதான் கையை நீட்ட வேண்டும். ஒருதடவை அவள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்ததைப் பார்த்து, அவள்தான் ஓட்டுகிறாள் என்று நினைத்து, போலீஸ்காரர் விசிலடித்து நிறுத்திவிட்டார். ஒரு ரப்பர் குழாய் கிழிந்தால் மோதியா கான் பழைய இரும்புச் சந்தையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைய வேண்டும். அந்தக் கார் பிறந்த ஊரில் அதை நீண்ட ரோடுகளில் வேகமாக ஓட்டுவார்கள். வேகமாகப் போனால் காற்று அடித்து எஞ்சினைக் குளிர்விக்கும். தில்லியிலோ அதற்கு விதித்தது ஜானவாசம்.

கூரை மடக்கும் கார் வைத்திருந்த தமிழன், எனக்குத் தெரிந்து, அப்போது தில்லியில் நான் ஒருவன்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் வைத்து ஊர்வலம் அழைத்து வர வேண்டுமே! புசா ரோட்டிலிருந்து ராமகிருஷ்ணபுரம் வரை பெண்ணைப் பெற்றவர்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாதஸ்வரக்காரர் நடக்கும் வேகத்தில் கார் போக வேண்டும். அதுவும் ஜூன் மாதம்.

எனக்கு அந்தக் காரில் தெரிந்த கடவுள் ஒன்றுதான். எஞ்சின் சூட்டைக் காட்டும், டேஷ்போர்டில் இருந்த சின்ன முள். இடது கோடி குளிர்ச்சி, வலது கோடி கொதிப்பு, நடுவில் மூன்று கோடுகள். மூன்றாவது கோட்டைத் தாண்டினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று எஞ்சினை அணைத்தாலும் ஆபத்து. அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். அரை மணி ஆறினால்தான் மறுபடி கிளம்பும். ஆக, அணைக்கவும் கூடாது, ஓடவிடவும் கூடாது. அதுவரை பதினொரு ஜானவாசங்களை இந்த முள்ளைப் பார்த்தபடியே ஒப்பேற்றியிருந்தேன்.

பன்னிரண்டாவது, எங்கள் பக்கத்து பிளாக்கில் இருந்த நண்பரின் மூத்த பெண்ணுக்கு. அவர் ஒரு மந்திரி அலுவலகத்தில் குமாஸ்தா. அந்தப் பெண்ணுக்கு முன்பு ஒருமுறை நிச்சயமாகி, பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரோடும் சிரித்துப் பேசி நான் பார்க்கவில்லை.

இந்தத் தடவை சம்பந்தி மதராஸ்காரர். வந்து இறங்கியதிலிருந்து அவர் குறைகளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்கு நான்கு பேர்தான் வந்தார்கள் என்பது முதல் குறை. காபியில் சூடில்லை. தங்கிய இடத்தில் கூலரில் தண்ணீர் இல்லை. மத்தியானம் நண்பரைப் பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்துச் சொன்னார்:

"ஓய், அமெரிக்கக் கார் உண்டுன்னு எழுதியிருந்தீர். அதையாவது ஒழுங்கா நடத்துவீரா? அதுலயும் ஏதாவது கோளாறு பண்ணினீர்னா, நாங்க ராத்திரி வண்டியிலேயே திரும்பிடுவோம். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைக்காதேயும்."

நண்பர் நேரே என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "சார், வண்டி நிக்காதே?" என்றார். நான், "பதினொண்ணு பண்ணியாச்சு, ஒண்ணும் ஆகலை" என்றேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வாரம் முழுவதும் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் லேசாகக் கசிந்து அழுதுகொண்டிருந்தது.

மந்திர் மார்க்கில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஊர்வலம் புறப்பட்டது. கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஷாமியானாப் பந்தல் போட்டிருந்தார்கள். அதுவரை போக வேண்டும். ஆறரை மணி ஆகியும் தார் ரோடு அனல் கக்கியது. முன்னால் நாதஸ்வரம் ஒன்று, தவில் இரண்டு, காஸ் லைட் தூக்குகிறவர்கள் எட்டுப் பேர். பின் ஸீட்டின் முதுகுமேல், எல்லோருக்கும் தெரியும்படி, கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. காலடியில் மூன்று குழந்தைகள். என் பக்கத்தில், வழக்கமாக டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில், சம்பந்தி. நண்பர் செருப்பில்லாமல் பானெட் ஓரமாக நடந்து வந்தார். வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்த சந்தனம் அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் அப்பியிருந்தது. அதைக் கழுவக்கூட அவருக்கு நேரமில்லை.

"மெதுவாப் போம் ஓய்" என்றார் சம்பந்தி. "நாலு பேர் பார்க்க வேண்டாமா?"

பார்க்க அங்கே நாலு பேர்கூட இல்லை. ஒரு சைக்கிள்காரனும் பால் பூத் வாசலில் இரண்டு பஞ்சாபி அம்மாள்களும்தான் நின்றார்கள். முள் இரண்டாவது கோட்டில் இருந்தது.

"இன்னும் மெதுவா."

மூன்றாவது கோட்டைத் தொட்டது. என்னிடம் ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. குளிர் தேசத்துக்காக அந்தக் காரில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். வருகிற இடம், முன் ஸீட்டில் இருப்பவர் காலடி. வேறு வழியில்லை. கையை மெல்ல நீட்டி முழுக்கத் திறந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தி நெளிந்தார். "என்ன ஓய் இது, அடுப்படியிலே உட்கார்ந்த மாதிரி கால் சுடறது?"

"ரோட்டுச் சூடு சார். தில்லி வெயில் அப்படி."

"மதராஸே தேவலை" என்றவர் செருப்பை உதறிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி ஸீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார். ஸீட் அவ்வளவு அகலம். ஒருகாலத்தில் நம் ஊர் ராஜாக்கள் அந்தக் கம்பெனிக் காரை விரும்பி வாங்கியதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முள் ஒரு மயிரிழை இறங்கியது. நான் மூச்சு விட்டேன். உடனே நாதஸ்வரக்காரர் நடு ரோட்டில் நின்று ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டார். சம்பந்தி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். முள் ஏறியது. மூன்றாவது கோட்டைத் தாண்டியது. நான் நாதஸ்வரக்காரரின் கன்னங்களையும் முள்ளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முடிப்பதற்குள் என் காலடியில் ஒரு சின்ன நடுக்கம் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

சம்பந்திக்குத் தெரியவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்குமே தெரியவில்லை. சாவியைத் திருப்பினால் இருமிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தொடாமல் விட்டேன். நண்பர் என் முகத்தைப் பார்த்தார். எஞ்சின் போச்சு என்பதுபோல நான் தலையை லேசாக ஆட்டினேன். அவர் முகம் வெளுத்ததைக் காஸ் லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். உடனே பின்னால் போனார். போகும் வழியில் அவருடைய ஆபீஸ்காரர்கள் மூன்று பேரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

மேளம் நகர்ந்தது. காரும் நகர்ந்தது. நான்கு பேர் பின்னாலிருந்து தள்ள, இரண்டு டன் இரும்பு சத்தமில்லாமல் ஊர்ந்தது. எஞ்சினின் பலம் இல்லாத ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது.

"அடேயப்பா!" என்றார் சம்பந்தி. "எஞ்சின் ஓடறதா இல்லையான்னே தெரியலையே ஓய்!"

"அதுதான் சார் இந்தக் காரோட பெருமையே" என்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

அப்போதுதான் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். அவன் ஸீட்டின் முதுகுமேல் உட்கார்ந்திருந்தவன். தலையைத் திருப்பினால் போதும். கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். தனக்கு மாமனாராக வரப்போகிறவர் குனிந்து, இரண்டு கைகளையும் டிக்கியில் ஊன்றி, பல்லைக் கடித்துத் தள்ளுவதை அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முன்னால் திரும்பினான். கண்ணாடியில் என் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. அவன் வாயைத் திறந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. அவன் மாலையைச் சரிசெய்துகொண்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

கோல் மார்க்கெட் பக்கம் திரும்பியதும் ரோடு சரிவாக இறங்கும். அதை நான் மறந்திருந்தேன். கார் தானாகவே ஓடத் தொடங்கியது. தள்ளியவர்களின் கை விட்டுப்போயிருக்கும். முன்னால் பதினோரு பேர், எல்லோருக்கும் முதுகு எங்கள் பக்கம். அந்தக் காரின் பிரேக்குக்கு எஞ்சின்தான் பலம். எஞ்சின் நின்ற பிறகு மிச்சமிருக்கும் பலம் மூன்று மிதிக்கு வரும். நான்காவது மிதி பாறையை மிதிப்பதுபோல.

முதல் மிதி. வேகம் குறைந்து மறுபடி கூடியது. இரண்டாவது மிதி. தவில்காரரின் முதுகு வியர்வை தெரியும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். ஹாரனை அடிக்கலாம். அடித்தால் சம்பந்தி, ஏன் என்பார். அடிக்காவிட்டால் தவில்காரரின் கால் போகும். என் கை ஹாரனுக்குப் போனது.

"மேளக்காரா, ஓரம் போங்கோ! கார் முன்னாடி போகட்டும்! ஜல்தி! ஜல்தி!"

மாப்பிள்ளை எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தான். மேளம் அப்படியே நின்றது. பதினோரு பேரும் இரண்டாகப் பிரிந்து ஓரம் போனார்கள்.

"என்னடா இது? உனக்கென்ன அப்படி அவசரம்?" என்று சம்பந்தி திகைத்தார்.

"பசிக்கிறதுப்பா" என்றான் அவன்.

ஊர்வலம் பார்க்கக் குவார்ட்டர்ஸ் வாசல்களில் வந்து நின்ற நம் பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இப்பவே அவசரத்தைப் பாருடி!" என்றது ஒரு குரல். சம்பந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் நான் பார்த்த முதல் சிரிப்பு. மூன்றாவது மிதியை நான் இன்னும் மிதிக்கவில்லை. அவர்கள் நடுவே கார் பூனைபோல இறங்கி, மைதான வாசலில் இருந்த மேட்டில் ஏறித் தளர்ந்தது. அங்கே மிதித்தேன். நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இறங்கவில்லை.

பின்னாலேயே நண்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏன் ஓய் இப்படி வெறுங்காலோட ஓடி வரீர்?" என்று சம்பந்தி கேட்டார்.

நண்பர் என்னைப் பார்க்கவில்லை. "மாப்பிள்ளை வரச்சே வாசல்ல நான் நிக்க வேண்டாமா?" என்றார்.

இந்தப் பதில் சம்பந்திக்குப் பிடித்துவிட்டது. கீழே இறங்கினார். உள்ளே போவார் என்று பார்த்தால், "இருங்கோ, காரை ஒரு சுத்து பார்த்துட்டு வரேன்" என்று பானெட்டைத் தடவிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார்.

எனக்கு அப்போதுதான் கண்ணாடியில் தெரிந்தது. கறுப்பு டிக்கியின்மேல், வாசலில் மாட்டியிருந்த காஸ் லைட் வெளிச்சத்தில், பத்து விரலும் எண்ணும்படியாக இரண்டு சந்தனக் கைகள். நண்பரும் அதைப் பார்த்துவிட்டார். தம் உள்ளங்கைகளைப் பார்த்தார். அவருடைய கால் நகரவில்லை.

மாப்பிள்ளை மாலையோடு பின்பக்கமாகவே குதித்தான். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள், "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கூப்பிட்டார்கள். அவன் காதில் விழாதவன்போல, கோட்டுப் பையிலிருந்து புதுக் கைக்குட்டையை எடுத்து டிக்கியை அழுத்தி இரண்டு தடவை துடைத்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சம்பந்தி வந்து சேர்ந்தபோது டிக்கி பளபளவென்று இருந்தது.

"தூசி தும்பு இல்லாம வெச்சிருக்கீர் ஓய்" என்று என்னிடம் சொல்லி, அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆமாம் சார்" என்றேன்.

மாப்பிள்ளை ஆரத்திக்குப் போய் நின்றான். கோட்டுப் பைக்கு வெளியே கைக்குட்டையின் ஒரு முனை மஞ்சளாகத் தெரிந்தது. நண்பர் அதையே பார்த்துக்கொண்டு, வெகுநேரம் கையைக் கழுவாமல் நின்றார்.